அப்பாச்சிமேட்டில் அடித்த சத்தியம்

காமயகவுண்டன்பட்டி,
கார்த்திகை மாதம், வெள்ளிக்கிழமை காலை.

அன்பு மகள் ஓவியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, மோட்டார் ரூமில் குட்டி போட்டிருக்கும் பூனை, அதன் வாரிசுகள் எல்லோரும் சுகம். அந்தக் குளிர் தேசத்தில் நீயும் சளி, இருமல் அண்டாமல் சுகமாக இருக்க ஐயப்பனை வேண்டிக்கொள்கிறேன். என் வேண்டுதலைக் காது கொடுத்துக் கேட்கிற மனநிலையில் இப்போது ஐயப்பன் இருக்கிறாரா என்பது சந்தேகம்தான், அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். உன் அம்மா ஸ்பீக்கரில் போடாமல் என்னைப் பேச விடமாட்டாள், நான் ஒரு வரி சொன்னால் அதற்கு மூன்று திருத்தம் சொல்வாள், கடைசியில் நீங்கள் இருவரும் சாம்பார்ப் பொடி பார்சலைப் பற்றிப் பேசி முடித்துவிடுவீர்கள். அதனால் தாளில் எழுதி, பக்கத்து வீட்டு அருண்பாண்டியின் போனில் படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். எழுத்து கோணலாகத் தெரிந்தால் போனைக் குறை சொல்லாதே, என் கையெழுத்து பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான்.

ஊர்ச் சேதி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குப் பேனா நகராது. இந்த வருஷம் ஐப்பசி மழை அளவு தெரியாமல் கொட்டியதில் மேற்குத் தோட்டத்தில் பாதித் திராட்சை கொடியிலேயே வெடித்துவிட்டது, மீதியை வியாபாரி வந்து பார்த்து, மூஞ்சியைச் சுளித்து, தயவுக்கு வாங்குவதுபோல வாங்கிப் போனான். தெற்குத் தெரு சுரேஷ்கண்ணன் மருந்தடிக்க ட்ரோன் வாங்கியிருக்கிறான், ஊரே கூடி நின்று வேடிக்கை பார்த்தது, அது நேராகப் போய்ப் பக்கத்துத் தோப்புத் தென்னையின் உச்சியில் உட்கார்ந்துவிட்டது. தேங்காய் பறிக்கிற ஆளைக் கூட்டி வந்துதான் இறக்கினார்கள். அவன் இரண்டு இளநீரையும் சேர்த்துப் பறித்துப் போட்டுவிட்டு, எது விலை அதிகம் என்று கேட்டானாம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, நாக்கு வழக்கம்போல நல்ல ஆரோக்கியம்.

கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போட்ட படத்தை ஏன் அனுப்பவில்லை, முத்துராஜா மாமா பேச்சை எடுத்தால் ஏன் சிக்னல் இல்லை என்று போனை வைக்கிறீர்கள் என்று கேட்டிருந்தாய். படம் அனுப்பவில்லை, ஏனென்றால் படம் எடுக்கவில்லை. படம் எடுக்கவில்லை, ஏனென்றால் மாலையே போடவில்லை ஆத்தா. உனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இந்த மாதத்தில் உன் அப்பன் கழுத்து காலியாக இருந்து நீ பார்த்திருக்க மாட்டாய். இப்போது பார்த்தால் உரித்த கோழி மாதிரி இருக்கிறது.

முத்துராஜா எனக்கு யார் என்று உனக்குத் தெரியும், ஆனாலும் ஒரு தடவை சொல்லிக்கொள்கிறேன், சொன்னால் எனக்கு ஆறுதல். இந்தச் சுற்று வட்டாரத்தில் திராட்சைப் பந்தலுக்குக் கல் ஊன்றிக் கம்பி இழுக்கிறதில் அவனுக்குத்தான் பேர். பேசுவதும் கம்பி இழுப்பதுபோலத்தான், இறுக்கமாக, ஒரு முழம் கூட வீணாக்காமல். மிச்சப் பேச்சையெல்லாம் ஆண்டவன் எனக்குக் கொடுத்துவிட்டான். மீசை முளைக்காத வயதில் நாங்கள் இருவரும் ஒரே வருஷத்தில் கன்னிச்சாமியாகப் போனோம். அன்றைக்கு எங்களைக் கூட்டிப் போன குருசாமி அவசரத்தில், நீ அவனுக்குப் போடு, அவன் உனக்குப் போடட்டும் என்று மாலைகளைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதிலிருந்து எங்களுக்கு அதுதான் வழக்கம். அவன் குருசாமி ஆனான், ஊரில் எத்தனையோ பேர் கழுத்தில் மாலை போட்டிருக்கிறான், ஆனால் அவன் கழுத்துக்கு நான்தான், என் கழுத்துக்கு அவன்தான். எங்கள் கல்யாணத்தில் யார் யாருக்கு மாலை எடுத்துக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் மறந்துபோனது, இது மறக்கவில்லை. இதை உன் அம்மாவிடம் சொல்லாதே. மலை ஏறும்போது அவன் முன்னால் போய் சரணம் சொல்வான், நான் பின்னால் ஏற்றுச் சொல்வேன், இடைவேளையில் ஊர்க்கதை பேசுவேன். ஏலே, சாமியக் கும்புட வந்தியா, சந்தைக்கு வந்தியா என்பான். ஆனால் கதையைப் பாதியில் நிறுத்தினால், அப்புறம் அந்தப் பிள்ள வீட்டுக்காரன் என்ன சொன்னான் என்று அவனே கேட்பான்.

போன மார்கழியில் சபரிமலைக்குப் போகும்போது அப்பாச்சிமேடு ஏற்றத்தில்தான் வினை தொடங்கியது. விடிகிற நேரம், நல்ல பனி, முன்னால் சரணம் சொல்லிக்கொண்டு போனவன் சத்தம் நின்றுவிட்டது. போய்ப் பார்த்தால் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், அந்தக் குளிரிலும் முகம் முழுக்க வேர்வை, உதடு வெளிறிப்போய் இடது கையைப் பிசைந்துகொண்டிருக்கிறான். நான் பதறிப்போய் ஆளைக் கூப்பிட வாயெடுத்தேன். அவன் என் வேட்டியைப் பிடித்து இழுத்து, "ஏலே சீனி, கத்தாத. வாயுத்தாம்லே, ஒண்ணுமில்ல" என்றான். கொஞ்சம் உட்கார்ந்தபிறகு சரியாகிவிட்டது. எழுந்ததும் முதல் வேலையாக என்னிடம், "இது வீட்டுல நாகஜோதிக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா அவ என்னைய மலைக்கு விடமாட்டா. உன் வாயி எனக்குத் தெரியும், சும்மா சொன்னா நிக்காது. தலையில இருக்க இருமுடியத் தொட்டு சாமி மேல சத்தியம் பண்ணு" என்றான். பின்னால் வந்த கூட்டம் எங்களை இடித்துக்கொண்டு போகிறது, நெஞ்சைப் பிடித்தவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். தொட்டு அடித்துவிட்டேன். யோசித்து அடித்தேன் என்று சொல்ல மாட்டேன், யோசிக்கிற வழக்கம் எனக்கு எப்போது இருந்தது.

ஊருக்கு வந்த பிறகுதான் எவ்வளவு பெரிய பாரத்தைத் தூக்கிவிட்டேன் என்று தெரிந்தது. என்னிடம் சொன்ன சேதி டவுன் பஸ்ஸுக்கு முன்னால் கம்பம் போய்ச் சேரும் என்று ஊரில் பேசிக்கொள்வது எனக்கும் தெரியும், அது பொய் என்று நான் ஒருநாளும் மறுத்ததில்லை. அப்படிப்பட்டவன் வயிற்றில் இப்படி ஒரு சேதி. சாப்பாடு செரிக்கவில்லை, டீக்கடையில் யாராவது நெஞ்சு, வாயு, டாக்டர் என்று பேச்சை எடுத்தால் எழுந்து வந்துவிடுவேன். ஒருநாள் உன் அம்மா நெஞ்சு எரிச்சலுக்கு மருந்து கேட்டாள், நான் அழுதுவிட்டேன். அவள் பயந்துபோய், "இம்புட்டுப் பாசம் எப்ப வந்துச்சு?" என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

இதற்கிடையில் அவனை வாயுக்கு மருந்து வாங்கித் தருகிறேன் வா என்று ஏமாற்றி டாக்டரிடம் கூட்டிப்போகப் பார்த்தேன். உத்தமபாளையம் போகிற பஸ்ஸில் ஏற்றியும்விட்டேன். ஆஸ்பத்திரி நிறுத்தம் வருவதற்கு முன்னாலேயே இறங்கிக்கொண்டு, அந்தப் பக்கம் பந்தல் வேலை ஒன்று பார்க்க வேண்டும் என்று நடந்துவிட்டான். ஆஸ்பத்திரி வாசலில் நான் மட்டும் நின்றேன். வந்ததற்குச் சும்மா போவானேன் என்று எனக்குப் பிரஷர் பார்த்தேன், கூடியிருந்தது. அன்றைக்கிலிருந்து மாத்திரை சாப்பிடுவது நான்தான்.

ஐப்பசி பிறந்த கையோடு நம் மேற்குத் தோட்டத்தில் தொய்ந்த பந்தலை இழுத்துக் கட்ட வந்தான். கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தவன் நடுவில் நின்று, கல்தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். எனக்குத் தூணும் அவனும் ஒரே நிறமாகத் தெரிந்தார்கள். வேலைக்கு வந்த மற்றவர்கள் குனிந்திருந்ததால் யாரும் பார்க்கவில்லை. அவன் என்னை மட்டும் பார்த்தான், பார்த்து, தலையைச் சின்னதாக ஆட்டினான், சொல்லாதே என்று. அங்கேயே நின்று ஐயப்பனோடு ஒரு பஞ்சாயத்து நடத்தினேன். சாமி, வாயால் சொல்லமாட்டேன் என்றுதானே சத்தியம், சாடை காட்டினால் சரியா, எழுதிக் காட்டினால் சரியா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. சரி, இவன் போய்விட்டால் அடுத்த வருஷம் யார் முன்னால் சரணம் சொல்வது என்று கேட்டேன். அதற்கும் பதில் இல்லை. ஆனால் என் கால் அதற்குள் நடக்க ஆரம்பித்துவிட்டது.

உன் நாகஜோதி அத்தை வாசலில் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். போய் நின்றதும் வாய் வரவில்லை, என் வாழ்க்கையில் முதல் தடவை. முருங்கைக்காய் என்ன விலை தங்கச்சி என்று ஆரம்பித்தேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்து, "முருங்கக்கா வெலய விசாரிக்கவா அண்ணே இப்படிச் செருப்புக்கூட இல்லாம ஓடியாந்தீக?" என்றாள். அவ்வளவுதான், மார்கழியிலிருந்து அடைத்து வைத்தது அத்தனையும் மதகைத் திறந்த மாதிரி வந்துவிட்டது. அவள் அழவில்லை, கத்தவில்லை. அருவாமனையை மடக்கி வைத்துவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு, "வண்டி சொல்லுங்கண்ணே" என்றாள். தோட்டத்துக்கே கார் வந்து நின்றது. கம்பியும் கையுமாக நின்றவனைப் பார்த்து, "ஏறுங்க" என்றாள், அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. குருசாமி ஏறிவிட்டார். மதுரைக்குப் போய்ப் பார்த்தால் பெரிய ரத்தக்குழாயில் அடைப்பு, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கூட்டி வந்திருக்க வேண்டியதில்லை என்றார்களாம். ஸ்டென்ட் வைத்து, மாத்திரை கொடுத்து, இந்த வருஷம் மலை ஏறக் கூடாது, காலையில் மெதுவாக நடக்க வேண்டும், அடுத்த வருஷத்துக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

யார் சொன்னது என்று அவன் விசாரிக்கவே இல்லை. இந்த ஊரில் ஒரு சேதி வெளியானால் யாரும் இரண்டாவது ஆளைச் சந்தேகப்படுவதில்லை. மாதுளம்பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். கட்டிலில் சாய்ந்திருந்தவன் என்னைக் கண்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். நான் பேசுகிறேன், பேசுகிறேன், ட்ரோன் தென்னை ஏறிய கதையைக்கூடச் சொல்லிப் பார்த்தேன், சுவர்தான் கேட்டது. கிளம்பும்போது திரும்பாமலே சொன்னான்: "சீனி, இந்த நெஞ்சு என்னுது. அத நீ எவன்கிட்ட வேணும்னாலும் சொல்லிக்க. சத்தியம் சாமியுது. அதத் தொட்டுட்டியேலே." அதன்பிறகு பேச்சில்லை. மலைக்குப் போக முடியாமல் செய்துவிட்டேன் என்ற கோபம் என்றுதான் நான் நினைத்தேன். எனக்கும் உள்ளூரக் கோபம்தான். உயிரைக் காப்பாற்றியவனுக்கு ஒரு வாய் காப்பி கொடுக்கக் கூடாதா? மாதுளம்பழத்தையாவது உரித்துக் கொடுத்திருக்கலாம், நல்ல பழம்.

கார்த்திகை ஒன்று அன்றைக்கு விடியக் குளித்துவிட்டு, இரண்டு மாலையையும் எடுத்துக்கொண்டு பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். வந்தான். சாமியைக் கும்பிட்டான், திருநீறு பூசினான், என் பக்கம் பார்க்காமலே போய்விட்டான். மலைக்குப் போகாதவன் மாலை போடமாட்டான், அது எனக்குத் தெரியும். ஆனால் எனக்குப் போட்டுவிடுவான் என்று ஒரு நப்பாசை. பூசாரி அம்மாவாசி இரக்கப்பட்டு, "நான் போட்டு விடவா சாமி?" என்றார். கழுத்து ஒத்துக்கொள்ளவில்லை ஆத்தா, பழக்கமில்லாத ஆளைக் கண்டால் மாடு தலையை இழுத்துக்கொள்ளுமே, அப்படி நானே அறியாமல் தலையை இழுத்துக்கொண்டேன். இரண்டு மாலையையும் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன்.

ஆனால் விரதத்தை விட மனசு வரவில்லை. அவன் நெஞ்சு நல்லபடியாக இருக்கட்டும் என்று நானே ஒரு முடிவு எடுத்து, யாரிடமும் சொல்லாமல் மாலை இல்லாமலே விரதம் இருக்க ஆரம்பித்தேன். யாரிடமும் சொல்லவில்லை என்பதைக் கவனி, இதுவே பாதி விரதம். பச்சைத் தண்ணீரில் குளியல், தரையில் படுக்கை, வெறுங்கால், சவரம் கிடையாது, கறி கிடையாது. மாலை போட்டவனுக்கு இதெல்லாம் மரியாதை, எதிரே வருகிறவர்கள் சாமி சாமி என்று ஒதுங்கி வழிவிடுவார்கள். மாலை இல்லாமல் இதையே செய்தால் ஆளைப் பற்றி வேறு மாதிரி நினைக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டில் செருப்புக் கடைக்காரர் என் காலைப் பார்த்துவிட்டு, பழசு ஒரு ஜோடி கிடக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். தாடியைப் பார்த்துவிட்டு டீக்கடையில் ஒருவன், "என்னண்ணே, பொண்டாட்டி சண்டையா?" என்று கேட்டான். உன் அம்மாவுக்குத்தான் பெரிய கஷ்டம். மாலை போட்டால் புருஷனை சாமி என்று கூப்பிட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம், இப்போது சாமியும் இல்லாமல் ஆசாமியும் இல்லாமல் ஒருவன் வீட்டுக்குள் திரிந்தால் அவள் என்ன செய்வாள். கேட்டதற்கு வயிறு சரியில்லை என்று சொல்லிவைத்தேன். தினம் ரசம்தான் கிடைத்தது.

அவனைத் தெருவில் தூரத்தில் பார்ப்பேன். அவனும் தாடி விட்டிருந்தான். சீக்கு ஆள், சவரம் பண்ணத் தெம்பில்லை போலும் என்று நினைத்து, அன்றைக்கு ஒரு வேளைச் சாப்பாட்டையும் குறைத்துக்கொண்டேன். ரசத்தைத்தானே குறைத்தேன், பெரிய தியாகம் ஒன்றும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமைதான் எல்லாம் வெளியே வந்தது. அன்றைக்கு ஊரே கறிக்கடையில் நிற்கும், காய்க்கடையில் ஈ காக்கை இருக்காது. அங்கே உன் அம்மாவும் நாகஜோதியும் எதிரும் புதிருமாகச் சந்தித்துக்கொண்டார்கள். உன் அம்மா எனக்குச் சொன்னபடியே எழுதுகிறேன். நாகஜோதி, "என்ன மதினி, ஞாயித்துக்கெழமையும் அதுவுமா சுரக்கா வாங்குறீக?" என்று கேட்டிருக்கிறாள். உன் அம்மா, "உங்க அண்ணனுக்கு வயித்துக்குச் சேரலையாம், ரெண்டு வாரமா ரசம் ஊத்தி ஊத்தி எனக்கே கை கசக்குது. தரையில வேற படுக்கிறாரு. நீங்க என்ன வெண்டக்கா?" என்றிருக்கிறாள். நாகஜோதி கையிலிருந்த கூடையைக் கீழே வைத்துவிட்டாளாம். "எங்க வீட்டு மனுசரும் தரையிலதான் படுக்கிறாக மதினி. டாக்டரு சொன்னாகங்கிறாக. ஒரு நேரம்தான் சாப்புடுறாக, அதுவும் டாக்டருங்கிறாக. பச்சத் தண்ணியில குளிக்கிறாக. எந்த டாக்டரு மதினி நெஞ்சு ஆபரேசனுக்குப் பச்சத் தண்ணி சொல்லுவாக?" இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்களாம். பிறகு சுரைக்காயையும் வெண்டைக்காயையும் கடையிலேயே போட்டுவிட்டு, ஆளுக்கு ஒருவனை இழுத்துக்கொண்டு பிள்ளையார் கோயிலுக்கு வந்துவிட்டார்கள்.

கோயிலில் எங்கள் இருவரையும் எதிரெதிரே நிறுத்தி, நாகஜோதி அத்தைதான் ஆரம்பித்தாள். "ரெண்டு பேரும் எதுக்கு விரதம் இருக்கீக, சாமி முன்னால வச்சுச் சொல்லுங்க. பொய் சொன்னா இன்னைக்கு மத்தியானம் ரெண்டு வீட்டுலயும் அடுப்பு எரியாது." அவன் தூணைப் பார்த்தான், நான் பிள்ளையாரைப் பார்த்தேன். நீங்க முதல்ல சொல்லுங்க என்று உன் அம்மா என் முதுகில் குத்தினாள். இவன் நெஞ்சுக்காக இருக்கிறேன் என்றேன், அவ்வளவு சின்னக் குரல் எனக்கு இருப்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.  அவன் தூணிடமே சொன்னான்: "இவன் இருமுடியத் தொட்டு அடிச்ச சத்தியத்த எனக்காக ஒடச்சுட்டான். சத்தியத்த வாங்குனவன் நான், பாதிப் பாவம் எனக்கு. மீதிப் பாவம் இவன் வீட்டுக்கு. ஓவியாப் பிள்ள அங்கன தன்னந்தனியா கெடக்கு. அது மேல எதுவும் வந்துரக் கூடாதுன்னுதான் நான் இருக்கேன்."

ஆத்தா, கேட்டாயா. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவன், என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பினவன், நெஞ்சில் ஸ்டென்ட்டை வைத்துக்கொண்டு ஒரு வேளைச் சோற்றில் கிடந்தது உனக்காகவும் எனக்காகவும். நான் அவனுக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டு ரசத்தைக் குறைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். பேசாமல் இருந்தது ஏன் என்று கேட்டேன். "பேசுனா நீ விரதத்தக் கேட்டுப் பிடுங்கிருவ. கேட்டா ஊருக்குச் சொல்லிருவ. ஊருக்குச் சொன்ன விரதம் பலிக்குமாலே?" என்றான். அதற்குள் நாகஜோதி அழ ஆரம்பித்துவிட்டாள், அழுதுகொண்டே அவனை ஏசினாள், "மாத்திரைய ஒருநேரச் சோத்துல எப்படித் திங்கிறீக? ராத்திரி மாத்திரை எங்க போகுது?" என்று கேட்டாள். கறிவேப்பிலைச் செடித் தொட்டிக்குப் போகிறது என்று பிறகு கண்டுபிடித்தார்கள். உன் அம்மா சொல்கிறாள், அந்தச் செடி இப்போது ஊரிலேயே நல்ல ரத்த ஓட்டத்தோடு இருக்கிறதாம்.

உன் அம்மாதான் கடைசியில் வழி பார்த்தாள். "அண்ணே, சத்தியத்த வாங்குனது நீங்க. மன்னிச்சேன்னு ஒரு சொல்லு சொல்லிருங்க, இவருக்கும் பாவம் போயிரும், எம் பிள்ளைக்கும் ஒண்ணும் வராது, நாங்களும் நிம்மதியாக் கறி எடுப்போம்." அவன் குருசாமி அல்லவா, உன் அம்மாவிடமே சட்டம் பேச ஆரம்பித்துவிட்டான். "இங்கன வச்சுச் சொன்னாச் செல்லாது கஸ்தூரி. சத்தியம் வாங்குனது அப்பாச்சிமேட்டுல, இருமுடி தலையில இருக்கும்போது. திருப்பிக் குடுக்குறதும் அதே எடத்துல, அதே மாதிரி இருமுடியோடதான் குடுக்கணும்." டாக்டர் இந்த வருஷம் ஏறக் கூடாது என்று சொல்லியிருக்கிறாரே என்றேன். அப்போதுதான் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தான். "அப்ப அடுத்த வருசம். அதுவரைக்கும் உனக்கு மன்னிப்பு கெடையாதுலே. அதுவரைக்கும் நீயும் சாகக் கூடாது, நானும் சாகக் கூடாது. ஒருத்தன் போனாலும் பாவம் தீராது."

நாகஜோதி அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள், அவளைப்போல ஒரு வக்கீலை நான் பார்த்ததில்லை. "அப்ப மாத்திரை தின்னாத்தான மலை ஏறலாம்? மலை ஏறுனாத்தான மன்னிக்கலாம்? மூணு நேரம் சாப்புடணும். மன்னிக்கணுமா வேணாமா, சொல்லுங்க" என்றாள். ஊருக்கெல்லாம் மாலை போடுகிற குருசாமி சோற்றுக்கு அவள் பின்னால் நடந்தார். அன்றைக்கு மத்தியானம் அவன் சாப்பிட்டான் என்று உன் அம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். கறி மட்டும் மண்டலம் முடிகிற வரைக்கும் இல்லை என்று இருவரும் ஒரே வாயாகச் சொல்லிவிட்டோம், அதில் உன் அம்மாவுக்கு இன்னும் கோபம்.

இப்போது தினம் காலையில் ஆற்றுப் பாலம் வரைக்கும் நடக்கிறோம். ரோட்டில் குமுளிப் பக்கம் போகிற சாமி வண்டிகள் சரணம் போட்டுக்கொண்டு போகும். எங்கள் கோஷ்டியும் இந்த வருஷம் எங்களை விட்டுவிட்டுத்தான் போகிறது. வண்டி ஒவ்வொன்றும் தாண்டும்போது அவன் நின்று கும்பிடுவான், எனக்கு நெஞ்சை அடைக்கும். ரெண்டு பேர் நெஞ்சும் அடைத்தால் யார் யாரைத் தூக்குவது என்று நானே ஏதாவது கதையை எடுத்துவிடுவேன். டாக்டர் அடுத்த வருஷம் நிச்சயம் என்று சொல்லவில்லை, பார்க்கலாம் என்றுதான் சொல்லியிருக்கிறார். அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். நடக்கிறோம்.

உனக்குச் சொல்ல வந்தது இரண்டே விஷயம். உடம்புக்குச் சின்னதாக ஏதாவது வந்தாலும் மறைக்காதே, கூட இருக்கிற பிள்ளையிடம் சொல்லாதே என்று சத்தியம் வாங்காதே, பாவம், அது எங்கே போய் முட்டிக்கொள்ளும். இன்னொன்று, எனக்குப் படிப்பு பெரிதாக வரவில்லை, தோட்டமும் பேர் சொல்லும்படி இல்லை, வாய் ஒன்றுதான் வஞ்சகமில்லாமல் வளர்ந்தது. இருந்தாலும் நான் பெரிய ஆள் ஆத்தா. எனக்காகச் சாமியிடம் போய் பட்டினி கிடந்து பேச ஒருத்தன் இருக்கிறான், அதுவும் என்னோடு பேசாமல் இருந்துகொண்டே. எந்த ஊரில் இருந்தாலும் நீயும் அப்படி ஒருத்தியைச் சம்பாதித்துக்கொள். உன்னோடு ஒரே சாமியைக் கும்பிடுகிறவளாக இருந்தால் ரொம்ப நல்லது, சண்டை வந்தால் பஞ்சாயத்துக்குப் போக ஒரே இடம் இருக்கும்.

குளிருக்கு உள்ளே இரண்டு சட்டை போடு, காதை மூடிக்கொள், ஞாயிற்றுக்கிழமையாவது சோறு வடி. சாம்பார்ப் பொடி பார்சல் அடுத்த வாரம் வரும். மாமாவுக்கு ஒரு போன் பண்ணு, விரதம் இருந்தது தெரியும் என்று மட்டும் காட்டிக்கொள்ளாதே, நான்தான் சொன்னேன் என்று தெரிந்துவிடும், இன்னொரு பாவம் சேரும். சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று கேள், அது போதும். இன்று காலையில்கூடப் பாலத்துக்குப் பக்கத்தில் நான் சும்மா இருக்காமல், ஏன்டா, இன்னும் மன்னிக்கலையா என்று கேட்டேன். முன்னால் நடந்துகொண்டிருந்தவன் திரும்பாமலே சொன்னான்: "இல்ல. மாத்திரை போட்டாச்சு."

நீ நீண்ட ஆயுளோடும் குறையாத சுகத்தோடும் இருக்க ஐயப்பன் துணை. அம்மாவின் ஆசி தனியாக, அவள் இன்று ஸ்பீக்கரில் சொல்லிக்கொள்வாள்.

இப்படிக்கு,
இன்னும் மன்னிக்கப்படாத உன் அப்பா,
சீனிச்சாமி